செங்கல் ஒத்தடம்

ஓடப் பழகுகிற எவருக்கும் முதல் மாதத்தில் குதிகால் வலிக்கக்கூடும். அந்த வலி பெரும்பாலும் ஓய்விலும் சிறு பயிற்சியிலும் தானே அடங்கிவிடும். இவ்விரண்டும் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட பிறகு எனக்குச் சொல்லப்பட்டவை. முடிவை ஒளித்துவைத்துச் சொல்லும் ஆசை எனக்கு இல்லாததால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என்னைப் போல் பிந்திய வயதில் ஓடத் தொடங்குகிறவர்கள் சிலராவது படிக்கட்டும் என்பதே நோக்கம். படித்து ஆவது ஏதேனும் உண்டா என்பதை நான் அறியேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரிகளில் இயற்பியல் கற்பித்தவன். ஓய்வு பெற்றதும் என் மனைவி விசாலாட்சியின் ஊரான ஆரணியில் குடியேறினோம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அடுத்த தெருவில் அவளுடைய தம்பி ஏகாம்பரம் இருந்தான், பட்டு நெய்கிறவன். சிறு வயதிலேயே தாயை இழந்த அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். குடியேறிய இரண்டாம் ஆண்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு காலை காபி கலந்துகொண்டிருந்தவள் அடுப்பங்கரையிலேயே சரிந்தாள். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இயலாது.

அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகிறவள். அவள் போன பிறகு அந்த நேரத்தில் எனக்கு விழிப்பு வரத் தொடங்கியது. ஓசையற்ற வீட்டில் அமர்ந்திருக்க முடியாமல் கோட்டை மைதானத்துக்கு நடந்து போவேன். ஒரு நாள் நடையை ஓட்டமாக்கினேன். ஓடும்போது மூச்சைத் தவிர வேறொன்றை நினைக்க இயலாது என்பதைக் கண்டேன். எனக்கு அது போதும். கடைத்தெருவில் வெள்ளைக் கேன்வாஸ் காலணி ஒரு ஜோடி வாங்கினேன். அதன் அடிப்பகுதி அப்பளம் போல் மெல்லியது. முதல் வாரம் மைதானத்தை ஒரு சுற்று, மூன்றாம் வாரம் மூன்று சுற்று.

அறுபதை நெருங்கும் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதை ஆரணி அதற்கு முன் பார்த்திருக்கவில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சார், யாருனா தொரத்துறாங்களா?" என்று கேட்டார். ஏகாம்பரம் மாலையில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ஊரே பாத்துகினு இருக்குது. இந்த வயசுல ஓடி எந்தப் பந்தயத்துக்குப் போகப் போறீங்க?" என்றான். அக்காவைப் பற்றிப் பேச வந்தவன் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் ஓட்டத்தைப் பற்றியே பதில் சொன்னேன்.

நான்காம் வாரத்தில் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி இடது குதிகாலில் ஆணி அடித்தது போல் இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். உட்கார்ந்து எழுந்தால் திரும்பும். அதனுடன் வேறொன்றும் இருந்தது. இரு பாதங்களிலும் ஒரு மதமதப்பு. பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு. இது ஓட்டத்துக்கு முன்பே தொடங்கியது. விசாலாட்சி இருந்தபோதே, ஒரு செருப்பைக் கடைவாசலில் நழுவவிட்டு வீடுவரை நடந்து வந்திருக்கிறேன். "ஒரு கால்ல செருப்பு இல்லாதது கூடவா தெரியாது? உங்களுக்கெல்லாம் எவன் பரீட்சை வெச்சான்?" என்று அவள் சிரித்தாள். பேராசிரியரின் மறதி என்று இருவரும் அதை முடித்துக்கொண்டோம். இப்போது வலியையும் மதமதப்பையும் ஒரே கணக்கில் சேர்த்து ஓட்டத்தின் தலையில் போட்டேன். மூன்று தசாப்தம் காரண காரியத்தைக் கற்பித்தவன் செய்த முதல் பிழை இது.

நான் நொண்டுவதைக் கண்ட ஏகாம்பரம், "இதுக்கா பேஜார் பட்றீங்க?" என்றான். தறிக் குழியில் நாள் முழுவதும் மிதிகளை மிதிக்கிறவர்களுக்குக் குதிகால் வலி புதிதன்று. அவர்களிடம் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. செங்கல்லை அடுப்பில் காய்ச்சி, அதன்மேல் எருக்கிலைகளை அடுக்கி, குதிகாலை வைத்து அழுத்துவது. சூடு பொறுக்காதபோது காலை எடுப்பது. சற்று ஆறியதும் மீண்டும் வைப்பது. நேரக் கணக்கோ வெப்பமானியோ கிடையாது. அவரவர் பொறுக்கும் சூடுதான் அளவு. அந்தத் தெருவில் தலைமுறைகளாக அந்த அளவு எவரையும் கைவிட்டதில்லை.

அவன் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அவன் மனைவி சரோஜா இடுக்கியால் கல்லைக் கொண்டுவந்து வைத்து இலைகளைப் பரப்பினாள். நான் குதிகாலை வைத்தேன். இதமான வெதுவெதுப்பு எங்கோ ஆழத்தில் தெரிந்தது.

"பொறுக்கலன்னா எடுத்துடுங்க மாமா."

"பொறுக்கிறது."

சற்று நேரம் சென்றது. "இன்னும் பொறுக்குதா?" என்றான் ஏகாம்பரம்.

"பொறுக்கிறது."

சரோஜா சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரு கல்லைப் பாத்தவுடனே குய்யோ முறையோன்னு கத்துவாரு. அண்ணாவைப் பாரு, கல்லு மேல இன்னொரு கல்லாட்டம் உக்காந்துகினு இருக்காரு!"

"படிச்சவங்களுக்கு மனசு கெட்டிடி," என்றான் அவன்.

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். மனைவியின் சடங்குகள் அனைத்தையும் கண்ணீர் விடாமல் நடத்தி முடித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது. கல் ஆறும்வரை காலை எடுக்கவில்லை. அடுத்த கல்லை நானே கேட்டு வாங்கினேன். மூன்று மாலைகள் இவ்வாறு நடந்தன. நான்காம் நாள் காலையில் ஆணிக் குத்தல் பாதியாகியிருந்தது. மகிழ்ச்சியுடன் மைதானத்தை நான்கு சுற்று ஓடினேன். அதுவே நான் ஓடிய கடைசி நாள்.

இரண்டு நாள் கழித்து இட்லி கொண்டுவந்த சரோஜா கூடத்தில் நின்றுவிட்டாள். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து என் நாற்காலிவரை ஈரத் தடங்கள். எல்லாம் இடது குதிகாலின் வட்டம்.

"இன்னா அண்ணா, எதை மிதிச்சிகினு வந்தீங்க?"

நான் தண்ணீர் என்றேன். அவள் குனிந்து முகர்ந்தாள். பிறகு என் அனுமதி கேட்காமல் என் பாதத்தைத் தூக்கித் திருப்பினாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். என் குதிகாலைப் பிறகுதான் பார்த்தேன்: தோல் முழுவதும் கழன்று, நடுவில் வெளுத்த, காசு அளவுள்ள ஒரு பள்ளம். அது என் உடலில் இருக்கிறது என்று நம்புவதற்கு நான் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. விரலுக்குத் தெரிந்தது. குதிகாலுக்குத் தெரியவில்லை.

உள்ளூர் மருத்துவர் புண்ணைக் கட்டி ஊசி போட்டார். பிறகு சிறுநீர் கேட்டார். ஒரு சோதனைக் குழாயில் நீலத் திரவத்தை எடுத்து, சில துளி சிறுநீரைச் சேர்த்து, சுடரில் காட்டினார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று ஏறும். என்னுடையது பச்சையிலும் மஞ்சளிலும் நிற்கவில்லை. நன்றாகச் சுட்ட செங்கல்லின் நிறத்துக்கு வந்து நின்றது. அருகில் நின்ற ஏகாம்பரமும் அதைப் பார்த்தான்.

"எத்தனை வருஷமா சர்க்கரை?" என்றார் மருத்துவர்.

"எனக்குச் சர்க்கரை இல்லை."

"பத்து வருஷமாவது இருக்கும் சார். இங்க வெச்சுக்க வேணாம். நாளைக்கே வேலூருக்குப் போயிடுங்க."

வேலூர் மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில் நீண்ட பெஞ்சுகள். டோக்கன் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக ஓர் இடம் நகர்ந்து உட்கார வேண்டும். காலையில் கதவருகே உட்கார்ந்தவர் நண்பகலில் மருத்துவரின் அறையை அடைவார். நகரும் ஒவ்வொரு முறையும் ஏகாம்பரம் எனக்கு முன்னால் எழுந்து, தன் துண்டை அடுத்த இடத்தில் மடித்துப் போட்டு, என் காலை அதன்மேல் தூக்கி வைத்தான்.

எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் தொடும்போதும் ஊசியால் குத்தும்போதும் சொல்லுமாறு கேட்டார். நான் காத்திருந்தேன். "எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டபோது, முடிந்துவிட்டது என்றார். பிறகு இசைக்கவையை எடுத்தார். அதன் அதிர்வைப் பற்றி ஆண்டுதோறும் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். அதைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். அதன் கிளைகள் தெளிவாக அதிர்ந்துகொண்டிருந்தன. என் எலும்பில் ஒரு மேசையின் காலுக்கு உள்ள உணர்வும் இல்லை. வலது காலிலும் அப்படியே.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகள் கெடும். நீளமானவை முதலில் கெடும். உடலில் மிக நீளமானவை பாதத்துக்குச் செல்பவை. ஆகவே உணர்வு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்வாங்கும். தோலுக்குச் சூடும் குத்தலும் தெரியாமற்போன பிறகும், ஆழத்தில் உள்ள வலி சில காலம் எஞ்சியிருக்கும். என் குதிகால் வலி அந்த எஞ்சிய வலிதான். குதிகாலிலிருந்து விரல்களுக்குப் பாதத்தின் அடியில் விரிந்திருக்கும் தசைநார்ப் பட்டை, ஓடிப் பழகாதவன் ஓடியதால் இழுபட்டிருந்தது. அது ஒன்றுமே இல்லை.

"இந்தத் தீப்புண் எப்படி ஏற்பட்டது?" என்றார்.

தணலை மிதித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏகாம்பரம் பேசிவிட்டான்.

"செங்கல் ஒத்தடங்க. நான்தான் வெச்சேன்."

"எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?"

"பொறுக்கற வரைக்குங்க."

மருத்துவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்தார். "இவருக்குப் பொறுக்காமல் போக வழியே இல்லையே," என்றார், தணிந்த குரலில்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், புண்ணுக்குள் கம்பி விட்டும் பார்த்தார்கள். சீழ் குதிகால் எலும்புக்குள் இறங்கியிருந்தது. எலும்புக்குள் இரத்த ஓட்டம் குறைவு; மருந்து அங்கே போய்ச் சேர்வது கடினம்; கெட்ட பகுதியைச் செதுக்கி எடுத்தாக வேண்டும். "இப்போதே செய்தால் பாதத்தைக் காப்பாற்றலாம்," என்றார் அறுவை மருத்துவர். "தாமதித்தால் என் கையில் இல்லை." நோயாளியுடன் உறவினர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். நான் அங்கேயே கையெழுத்திட்டுவிட்டு ஏகாம்பரத்திடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம் மாமா. ஊசி போட்டுகினுதானே இருக்காங்க, அதுலயே ஆறிடும்."

மறுநாளும் அதையே சொன்னான். செவிலியர் கேட்டபோது வெளியே போய்விட்டான். மாலையில் திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"நானே சுட்டுட்டு, நானே வெட்டவும் சொல்லணுமா? என்னால ஆவாது மாமா. அக்கா இருந்தா எம் மூஞ்சில முழிப்பாங்களா?"

அப்போது நான் செய்திருக்க வேண்டியவை பல. அதிகாரியிடம் பேசி என் கையெழுத்து மட்டும் போதுமா என்று விசாரித்திருக்கலாம். வேலூரிலேயே இருந்த பழைய மாணவர் ஒருவரை வரவழைத்திருக்கலாம். 'உன் மேல் தவறில்லை, போடு' என்று ஏகாம்பரத்திடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் தவறில்லை என்று சொல்வதற்கு முதலில் தவறு என்ற சொல்லை எங்களுக்கிடையே வைக்க வேண்டும். அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. விசாலாட்சியின் தம்பியை வற்புறுத்தலாகாது என்று எண்ணி, கண்ணியம் என்று அதற்குப் பெயரிட்டு, காத்திருந்தேன். வாழ்நாள் முழுவதும் எனக்குப் பழகியிருந்தது பொறுத்துக்கொள்வது ஒன்றுதான்.

அடுத்த கட்டிலில் தேசூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். காலில் முள் முறிந்து சீழ் வைத்து வந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. எதுக்குங்க ஓடினீங்க? நாங்க ஏரு பின்னால நடக்கவே கூலி கேக்கறோம். நீங்க சும்மா ஓடியிருக்கீங்களே."

"வீட்டில் இருக்க முடியவில்லை."

"சம்சாரம் ரொம்பத் திட்டுவாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். விசாலாட்சி போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்கள் கலங்கின, எனக்குக் கலங்கவில்லை. அன்று முதல் தன் மனைவி கொண்டுவரும் கேழ்வரகுக் களியில் ஒரு பகுதியை ஒதுக்கி என் மேசையில் வைக்கச் செய்தார். அவர் இரண்டு கால்களுடனும் நடந்து வீடு போனார். நான் அதற்காக மகிழ்ந்தேன் என்று எழுதினால் முழு உண்மையாகாது.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கட்டைப் பிரித்த செவிலியர் பேசாமல் போய் மருத்துவரை அழைத்துவந்தார். கணுக்காலைத் தாண்டி ஒரு சிவந்த கோடு மேலேறியிருந்தது. அதன் கீழ்த் தோல் கறுத்திருந்தது. அறுவை மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்தார். எலும்பைச் செதுக்கும் பேச்சு முடிந்துவிட்டது என்று அவர் சொல்லும் முன்பே எனக்கு விளங்கியது.

"முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் பிழைக்கலாம். இன்றே எடுக்க வேண்டும்."

"முந்தாநாள் எடுத்திருந்தா?" என்றான் ஏகாம்பரம்.

மருத்துவர் செவிலியரிடம் திரும்பினார். புதிய படிவம் வந்தது. அவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன். நெசவில் தேர்ந்த, நடுங்காத கை. செவிலியர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பிறகு நடந்தவற்றில் சொல்லத் தக்கவை அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். பாதி வேலை ஏற்கெனவே நடந்திருந்தது என்று எண்ணிக்கொண்டேன். அந்த மரப்பின் நடுவே ஒரு ரம்பத்தின் ஓசையைக் கேட்டேன். ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தேன். தினம் இருவேளை இன்சுலின். தொடையிலும் வயிற்றிலும் நானே ஊசி குத்திக்கொள்ளக் கற்றுத்தந்தார்கள். சரோஜா வாரம் இருமுறை ஆரணியிலிருந்து பேருந்தில் வந்து, என் துணிகளைத் துவைத்துக்கொண்டு போவாள். வந்த முதல் நாள், போர்வை தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "தலை ரொம்ப வளர்ந்திடுச்சி அண்ணா," என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து முடி வெட்டுகிறவரை அழைத்துவந்தாள். அவளால் சரிசெய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை அவள் அன்றே செய்தாள்.

வீடு திரும்பும்போது இளம் மருத்துவர் எனக்குச் சொன்ன அறிவுரை வலது காலைப் பற்றியது. அதிலும் உணர்வு இல்லை. ஆகவே கண்தான் அதற்கு நரம்பு. ஒவ்வொரு நாளும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. என்னால் குனிந்து பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏகாம்பரம் எடுத்துக்கொண்டான். எட்டு மாதங்களாகத் தறியிலிருந்து எழுந்ததும் நேரே இங்கே வருகிறான். கை கழுவி, டார்ச்சை எடுத்து, தரையில் அமர்ந்து, என் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கிறான். பட்டில் ஓர் இழை அறுந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. "ஒண்ணும் இல்ல மாமா," என்பான். பிறகு காபி குடிப்போம். அந்தப் படிவத்தைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

இன்று மாலை அவன் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான். துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். டார்ச்சை அணைத்து மீண்டும் போட்டான்.

"என்ன ஏகாம்பரம்?"

அவன் நிமிரவில்லை. "பெருவிரலுக்கு அடியில மாமா. மிளகு அளவுதான். கறுப்பா இருக்குது."

"அழுத்திப் பார்."

"அழுத்திகினுதான் இருக்கேன்."

எனக்கு அந்த அழுத்தம் தெரியவில்லை. அந்தக் காலை நான் ஓடப் பயன்படுத்தி ஒன்பது மாதங்களுக்கும் மேலாகிறது. ஊன்றுகோல்களுக்கு நடுவே ஊன்றி நிற்பதைத் தவிர அதற்கு நான் வேறு வேலை கொடுக்கவில்லை.

நாளைக்குப் பார்க்கலாம் என்று அவன் இந்த முறை சொல்லவில்லை. "காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம்," என்றான். "கையெழுத்து எங்க போடணும்னு சொன்னா, உடனே போட்டுடறேன் மாமா."

சரி என்றேன். காபி கலக்க வந்திருந்த சரோஜா உள்ளே பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளுக்கு என்று கேட்கிறாள். ஏகாம்பரம் என் பாதத்தைத் தன் தொடையிலிருந்து இன்னும் இறக்கவில்லை.